உளநூல் அறிஞர் வுண்ட்

இங்கிலாந்து நாட்டிலிருந்த கிரீனிச் வானாராய்ச்சிக் கூடத்தில் 1796ஆம் ஆண்டு உதவியாளர் ஒருவர் வேலையினின்று நீக்கப்பட்டார். தொலைநோக்கியின் வழியே விண்மீனைக் கண்ணால் நோக்கிக்கொண்டே கடிகாரத்தின் ஒலியைக் காதால் கேட்டு, அம்மீன் ஒரு கம்பியைக் கடக்கும் நேரத்தைக் குறிப்பது அவர்தம் பணி. அவர் குறித்த நேரம், தலைமை வானநூலார் குறித்ததைவிட ஏறத்தாழ முக்கால் விநாடி பிந்தியிருந்தது. கருத்தின்றி வேலை செய்தார் என்று அவரை வெளியேற்றினர். சில ஆண்டுகள் சென்றபின், பெசல் என்னும் ஜெர்மானிய வானநூலறிஞர் இதனை ஆராய்ந்து, ஒரே மீனைக் காணும் இருவர்தம் குறிப்புகள் முற்றும் ஒத்திருப்பது அரிது என்று கண்டார். அவ்வாறாயின், அவ்வேறுபாடு எங்கே பிறக்கின்றது? கண்ணிலா, காதிலா, உள்ளத்திலா? இவ்வினாவைத் தம் வாழ்நாட் பணிக்குத் தொடக்கமாகக் கொண்டவருள் தலையாயவர் வில்ஹெல்ம் வுண்ட்.

இவர் 1832ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 16ஆம் நாள், மான்ஹைம் நகருக்கு அணித்தாயுள்ள நெக்கராவ் என்னும் ஊரில், கிறித்தவச் சமய குரு ஒருவரின் மகனாகப் பிறந்தார். இளமையில் இவருக்கு விளையாட்டுத் தோழர் மிகக் குறைவு. தந்தையாரின் துணைவராயிருந்த இளங்குரு ஒருவரே ஆசானும் தோழருமாக விளங்கினார். அவர் அண்டை ஊருக்கு மாற்றப்பட்டபோது சிறுவன் ஆற்றாது வருந்தவே, பெற்றோர் அவனையும் அவருடன் அனுப்பிவைத்தனர்.

பின்னர்ச் சேர்ந்த உயர்நிலைப் பள்ளியோ வுண்டுக்குத் துன்பக் களமாயிற்று. வகுப்பில் அமர்ந்தவாறே பகற்கனவில் ஆழ்ந்துவிடுவார். பாடம் செவியில் விழாது. கன்னத்தில் அறையும் வாங்கினார். ஆண்டிறுதியில் தேர்ச்சியும் பெறவில்லை. அஞ்சல் துறையில் ஏதேனும் வேலை தேடிக்கொள்ளுமாறு ஆசிரியர் ஒருவர் அறிவுரை கூறினார். ஹைடல்பர்க் நகரப் பள்ளிக்கு மாறிய பின்னரே அவர் கல்வி தழைத்தது. மருத்துவம் பயின்று 1856ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். 1858ஆம் ஆண்டில், கண்ணையும் காதையும் ஆராய்ந்து புகழ்பெற்ற ஹெல்ம்ஹோல்ட்சின் உதவியாளரானார்.

அக்காலத்தில் உள்ளத்தைப் பற்றிய ஆராய்ச்சி மெய்ப்பொருள் நூலாரிடமே இருந்தது. உள்ளத்தை அளக்கவியலாதாகலின், அதனைப் பற்றிய நூல் உண்மையான அறிவியலாகாது என்பது பேரறிஞர் கான்ட்டின் முடிபு. 1861ஆம் ஆண்டில் வுண்ட் எளிய கருவி ஒன்றை அமைத்தார். அளவுகோலின் முன்னே ஓர் ஊசல் ஆடும். அது குறித்த ஓரிடத்தை அடைந்ததும் மணி ஒலிக்கும். மணியொலி கேட்ட கணத்தில் ஊசல் எங்கே நின்றதென்று கூறல் வேண்டும். எத்துணை முயன்றும் அவரால் அதனைச் சரியாகக் கூற இயலவில்லை. ஒலியும் காட்சியும் ஒருங்கே நிகழினும் உள்ளம் அவ்விரண்டையும் ஒருங்கே பற்றுவதில்லை. ஒன்றினின்று மற்றொன்றுக்குச் செல்ல அதற்கு விநாடியில் எட்டிலொரு பங்கு தேவைப்படுகின்றது என அவர் முடிவு செய்தார். கிரீனிச் உதவியாளரின் பிழை சோம்பலால் நேர்ந்ததன்று. உள்ளத்தின் இயல்பால் நேர்ந்தது. கவனமின்மைக்காக அறை வாங்கிய சிறுவனே கவனம் என்பது யாதெனத் துருவி ஆராய்ந்தது வியப்பன்றோ!

லைப்சிக் பல்கலைக்கழகத்தில் 1875ஆம் ஆண்டில் பேராசிரியரான வுண்ட், 1879இல் அங்கு உளநூல் ஆய்வுக்கூடத்தை நிறுவினார். மாணவர் உணவு கொள்ளும் கட்டடத்திலிருந்த ஒரு சிறிய அறையே அது. விநாடியை ஆயிரம் கூறாக அளக்கும் கடிகாரம் அங்கே இருந்தது. ஒளியைக் கண்டவுடன் பொத்தானை அழுத்துவதற்கு ஆகும் நேரத்தை முதலில் அளப்பர். பின்னர், ஒளியின் நிறம் இன்னதென உணர்ந்த பின்னரே அழுத்துமாறு பணிப்பர். பின்னதிலிருந்து முன்னதைக் கழித்தால் எஞ்சுவது, நிறத்தை உணர உள்ளம் கொண்ட நேரம். பேராசிரியரும் மாணவரோடு ஒருவராய் அமர்ந்து தம் உள்ளத்தை அளக்கக் கொடுப்பார்.

பல நாட்டு மாணவர் லைப்சிக்கை நாடி வந்தனர். வுண்டின்கீழ் ஆராய்ந்து பட்டம் பெற்றோர் நூற்றெண்பதின்மருக்கும் மேற்பட்டோர். உளநூலின் கிளைகள் பலவும் இவர்களால் வளர்ந்தன. அமெரிக்கரான ஹால் குழந்தைகளின் உள்ளத்தையும் குமரப் பருவத்தினர் உள்ளத்தையும் ஆராய்ந்தார். காட்டெல் என்பார், மக்களிடையே காணும் உளவேற்றுமைகளை அளக்கும் சோதனைகளை வகுத்தார். கிரேப்பலின் மனநோய்களை வகைப்படுத்தினார். மூன்ஸ்டர்பர்க் தொழிலுக்குத் தக்காரைத் தேர்ந்தெடுக்கும் முறையை ஆராய்ந்தார். விட்மர் 1896ஆம் ஆண்டில் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் உளநூல் மருத்துவ நிலையத்தைத் தொடங்கினார். எழுத்துக் கூட்டி எழுத இயலாத மாணவன் ஒருவனை அவனுடைய ஆசிரியை அங்கு அழைத்துவந்தார். ஆராய்ந்ததில் அவன் கண்ணிலே குறையிருப்பது புலனாயிற்று. கண்ணாடியும் தனிப் பயிற்சியும் பெற்று அவன் முன்னேறினான்.

எனினும், உளநூல் இங்ஙனம் விரைந்து பயன்துறைகளில் இறங்குவதை வுண்ட் முழுமனத்துடன் ஏற்கவில்லை. அடிப்படை இன்னும் உறுதிப்படவில்லை என்பது அவர் கருத்து. ஆய்வுக்கூடத்தின் எல்லையையும் அவர் நன்கறிந்திருந்தார். உணர்ச்சியையும் கவனத்தையும் கடிகாரத்தால் அளக்கலாம்; மொழியும் சமயமும் வழக்கமும் தனிமனிதரின் ஆக்கங்களல்ல, மக்கட் கூட்டத்தின் ஆக்கங்கள். அவற்றை அளவால் அறிதல் இயலாது. வரலாற்றால் அறிதல் வேண்டும் என்று கருதி, 1900 முதல் 1920 வரை பத்துப் பெருந்தொகுதிகள் எழுதினார். அளவையே உளநூலுக்கு உயிரெனக் கருதிய பலர் அவற்றைப் புறக்கணித்தனர்.

வுண்ட் 1920ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 31ஆம் நாள் தம் 88ஆம் வயதில் மறைந்தார். அவருடைய நூல்களுள் பெரும்பகுதியை ஜப்பான் நாட்டுச் செண்டாய் நகரப் பல்கலைக்கழகம் விலைகொடுத்து வாங்கிச் சென்றது. லைப்சிக்கில் அவர் வளர்த்த உளநூல் நிலையம் 1943ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் விமானக் குண்டுவீச்சால் அழிந்தது. கடல் கடந்து சென்ற நூல்கள் மட்டும் செண்டாயில் பிழைத்திருந்தன.