கணிப்பொறியியலின் முன்னோடி அறிஞர் நரசிம்மன்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. கணிப்பொறி அறிவியல்)

கணிப்பொறி நுழையாத இடம் இன்று இல்லை. வங்கியில், அஞ்சலகத்தில், ரேஷன் கடையில், பேருந்து நடத்துநரின் கையில் என எங்கும் அது இருக்கிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்சாலைகளில் எந்திரங்களை இயக்குவதும் அதுவே. நம் கல்லூரி மாணவர் பலரும் படிப்பு முடிந்ததும் அந்த எந்திரங்களுக்கு முன் நிற்கவே ஆயத்தமாகிறோம். அது இழிவான வேலையன்று. எங்கள் தெருவில் பல வீடுகளில் அடுப்பு எரிவது அந்தச் சம்பளத்தில்தான். ஆயினும் அந்தப் பொறியைப் பற்றி ஆராய்வதையே வாழ்க்கைத் தொழிலாகக் கொள்ளலாம் என்னும் எண்ணம் நம்மில் எத்தனை பேருக்குத் தோன்றியிருக்கிறது? ஆராய்ச்சி என்றால் அயல்நாட்டாருக்கும் வசதி படைத்தோருக்கும் உரியது என்றே நானும் எண்ணியிருந்தேன். அவ்வெண்ணத்தை மாற்றியது சென்னையில் பிறந்த ஓர் அறிஞரின் வாழ்க்கை. அவர் பெயர் ரங்கசாமி நரசிம்மன். அவ்வாழ்க்கையை நண்பர்களோடு பகிர்ந்து கொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிறப்பும் கல்வியும்

நரசிம்மன் 1926-ஆம் ஆண்டு ஏப்ரல் 17-ஆம் நாள் சென்னையில் பிறந்தார். 2026 அவருடைய நூற்றாண்டு ஆண்டாகும். கிண்டி பொறியியற் கல்லூரியில் தொலைத்தொடர்புப் பொறியியல் பயின்று பட்டம் பெற்றார். பின்னர் அமெரிக்கா சென்று கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் மின்பொறியியலில் முதுநிலைப் பட்டமும், இண்டியானா பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முனைவர் பட்டமும் பெற்றார்.

இங்கே ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். அவர் பெற்ற பட்டங்கள் எதிலும் கணிப்பொறி அறிவியல் என்னும் பெயரே இல்லை. அந்நாளில் அப்பெயரில் ஒரு படிப்பு நம் நாட்டில் எங்கும் இருக்கவில்லை. அவர் கற்றவை இரண்டு. ஒன்று மின்னணுவியல், மற்றொன்று கணிதம். அவ்விரண்டையும் ஐயமறக் கற்றிருந்ததால்தான், புதிய துறை ஒன்று பிறந்தபோது அதன் வாயிலில் அவரால் நிற்க முடிந்தது.

முதற் கணிப்பொறி

நரசிம்மன் 1954-ல் தாயகம் திரும்பினார். ஹோமி பாபா 1945-ல் நிறுவிய டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் பம்பாயில் வளர்ந்து வந்த காலம் அது. அணு ஆராய்ச்சிக்குப் பெருங் கணக்குகள் தேவைப்பட்டன. அவற்றைக் கையாலும் மேசைக் கணக்குக் கருவிகளாலும் போட்டு முடிக்க மாதங்கள் ஆயின. இந்தியாவுக்கு வந்த முதல் மின்னணுக் கணிப்பொறி, 1955-ல் கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் இங்கிலாந்திலிருந்து வாங்கியதாகும். பம்பாய் நிறுவனமோ தனக்கு வேண்டிய பொறியைத் தானே செய்து கொள்வது என்று முடிவு செய்தது. அப்பணி நரசிம்மனும் உடனிருந்த ஒரு சிறு குழுவும் ஏற்ற பணியாயிற்று.

குழுவில் இருந்தோரில் பெரும்பாலோர் இயற்பியல் பட்டதாரிகள். கணிப்பொறி ஒன்றை அதற்கு முன் செய்து பார்த்தவர் எவரும் அவர்களுள் இல்லை. அயல்நாட்டு ஆய்வுக்கூடங்கள் வெளியிட்ட அறிக்கைகளைப் படித்து, அவற்றிலிருந்து கற்றுக் கொண்டு, தாமே வரைபடம் போட்டு வேலையைத் தொடங்கினார்கள். முழுப் பொறியை ஒரேயடியாகக் கட்ட முனையாமல், முதலில் ஒரு சிறிய மாதிரிப் பொறியைச் செய்தார்கள். 1956-ஆம் ஆண்டின் இறுதியில் அது இயங்கியது. அதில் கற்ற பாடங்களைக் கொண்டு பெரிய பொறியைத் தொடங்கி, 1960-ல் பயன்பாட்டுக்குக் கொண்டு வந்தார்கள். 1962-ல் பிரதமர் நேரு அதற்கு நிறுவனத்தின் பெயரையொட்டி டிஃப்ராக் என்று பெயர் சூட்டினார்.

அப்பொறியில் 2,700 வால்வுகளும், 1,700 ஜெர்மானியம் டையோடுகளும், 12,500 மின்தடைகளும் இருந்தன. 18 அடி நீளமும் 8 அடி உயரமும் உள்ள இரும்புச் சட்டத்தில் அவை பொருத்தப்பட்டிருந்தன. சிறுசிறு காந்த வளையங்களால் ஆன அதன் நினைவகம் 2,048 சொற்களைக் கொள்ளும். ஒவ்வொரு சொல்லும் 40 பிட் அளவுடையது. இரண்டையும் பெருக்கினால் 81,920 பிட், அதாவது 10,240 பைட் வருகிறது. தமிழ் எழுத்து ஒவ்வொன்றுக்கும் இன்று குறைந்தது இரண்டு பைட் செலவாகிறது. நீங்கள் இப்போது படித்துக் கொண்டிருக்கும் இக்கட்டுரையைக் கூட முழுமையாக அந்நினைவகத்தில் அடக்க இயலாது! அவ்வளவு சிறிய இடத்தை வைத்துக் கொண்டுதான் அவர்கள் விஞ்ஞானக் கணக்குகளைப் போட்டார்கள்.

உண்மை ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். டிஃப்ராக் வேலை செய்யத் தொடங்கியபோதே மேலைநாடுகள் வால்வுகளை விட்டு டிரான்சிஸ்டர்களுக்குச் சென்று விட்டன. 1964-ல் அமெரிக்காவின் சிடிசி 3600 என்னும் பெரும் பொறி அதே நிறுவனத்துக்கு வந்தது. ஆண்டுக்கணக்கில் உழைத்துச் செய்த பொறி விரைவில் பழையதாகி விட்டது. அப்படியானால் அவ்வுழைப்பு வீணா? இல்லை. பொறி பழையதாயிற்று, அதைச் செய்தவர்கள் பழையவர்களாகவில்லை. கணிப்பொறியை உள்ளும் புறமும் அறிந்த ஒரு தலைமுறை அதனால் இந்நாட்டுக்குக் கிடைத்தது.

படத்துக்கு ஓர் இலக்கணம்

பொறி இயங்கத் தொடங்கிய பின், 1961 முதல் 1964 வரை நரசிம்மன் அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில் வருகை ஆய்வாளராகப் பணியாற்றினார். அங்கே இல்லியாக் மூன்று என்னும் கணிப்பொறித் திட்டம் நடைபெற்று வந்தது. அணுத்துகள்கள் ஒரு திரவத்தின் ஊடே பாயும்போது அவற்றின் பாதையில் குமிழ்கள் வரிசையாகத் தோன்றும். அவற்றைப் புகைப்படம் எடுப்பார்கள். ஆயிரக்கணக்கான அப்படங்களை மனிதர் பார்த்துப் பார்த்துக் கண் சோர்ந்தனர். அப்பணியைப் பொறியிடம் ஒப்படைக்க முடியுமா என்பதே கேள்வி.

படத்தைப் பார்த்து இது இன்னது என்று பெயர் மட்டும் சொல்லும் பொறி போதாது என்று நரசிம்மன் கருதினார். எழுத்து சேர்ந்து சொல்லாகிறது, சொல் சேர்ந்து வாக்கியமாகிறது. அதுபோலவே புள்ளிகள் சேர்ந்து கோடாகின்றன, கோடுகள் சந்தித்துக் கிளைகளாகின்றன, கிளைகள் சேர்ந்து உருவமாகின்றன. ஆகவே வாக்கியத்துக்கு இலக்கணம் இருப்பது போலப் படத்துக்கும் ஓர் இலக்கணம் வகுக்கலாம், அதைக் கொண்டு படத்தைப் பகுத்து விவரிக்கலாம் என்று அவர் காட்டினார். 1962 முதல் வெளிவந்த இக்கருத்துகள் உலக அளவில் அத்துறையின் முன்னோடிக் கருத்துகளாக மதிக்கப்படுகின்றன. தமிழ் வகுப்பில் எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் என்று பிரித்துப் பழகிய நமக்கு இக்கருத்து அந்நியமானதன்று.

அமைப்புகளை வளர்த்தவர்

இவ்வளவு பெயர் பெற்ற பின்னும் அவர் இந்தியாவுக்கே திரும்பினார். 1965-ல் தோன்றிய இந்தியக் கணிப்பொறிச் சங்கத்தின் முதல் தலைவராக 1969 வரை இருந்தார். ஐக்கிய நாடுகளின் வளர்ச்சித் திட்ட உதவியுடன் 1975-ல் பம்பாயில் மென்பொருள் வளர்ச்சிக்கென ஒரு தேசிய மையம் தொடங்கப்பட்டபோது அதன் தலைமையை ஏற்றார். அம்மையமே 1985-ல் தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையமாகியது. பிற்காலத்தில் அது சி-டாக் நிறுவனத்தோடு இணைந்தது. 1977-ல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கிச் சிறப்பித்தது.

மழலைக்குச் செவி கொடுத்தவர்

பதவியும் பட்டமும் வந்த பின் ஓய்ந்து விடுவோர் உண்டு. நரசிம்மனோ அதன்பின் தான் தம் வாழ்வின் மிகப் பெரிய கேள்விக்கு வந்தார். பொறிக்கு மொழியைக் கற்பிக்க விரும்புகிறோம், ஆனால் மனிதக் குழந்தை மொழியை எவ்வாறு கற்கிறது என்பது நமக்குத் தெரியுமா? இதுவே அக்கேள்வி. மொழியை வெறும் விதிகளின் தொகுப்பாகப் பார்க்காமல், மனிதர் ஒருவரோடொருவர் வாழும் வாழ்வில் நிகழும் ஒரு நடத்தையாகப் பார்க்க வேண்டும் என்பது அவர் கொள்கை. 1981-ல் இது பற்றிய அவருடைய ஆங்கில நூல் வெளிவந்தது.

அவர் கோட்பாட்டோடு நின்று விடவில்லை. வைத்தியநாதன் என்னும் ஆய்வாளரோடு சேர்ந்து, தமிழ்க் குழந்தைகள் வீட்டில் பெரியவர்களோடு பேசும் பேச்சைப் பதிவு செய்து ஆராய்ந்தார். 1984-ல் அவ்வாய்வு அறிக்கையாக வந்தது. அவ்வாறு பதிவான ஒரு குழந்தையின் பேச்சு, ஒன்பதாம் மாதத்திலிருந்து ஏறத்தாழ இரண்டே முக்கால் வயது வரை தொடர்கிறது. குழந்தைகளின் மொழியை ஆராய்வோர்க்கென உள்ள சைல்ட்ஸ் என்னும் உலகத் தொகுப்பில் இன்றும் அது இடம் பெற்றுள்ளது. இந்நாட்டின் முதற் பெருங் கணிப்பொறிகளுள் ஒன்றைக் கட்டிய மனிதர், ஒரு தமிழ்ப் பிள்ளை பேசப் பழகுவதைக் காது கொடுத்துக் கேட்டார் என்பதைப் படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. வீட்டில் பேசும் தமிழ் ஆராய்ச்சிக்கு ஆகாது என்று நினைத்திருந்தவன் நான்.

பின்னர் அவர் கவனம் எழுத்தறிவின் பக்கம் சென்றது. எழுத்தறிவு மனிதரின் சிந்தனையில் எத்தகைய மாற்றத்தைச் செய்கிறது என்று மேலைநாட்டு அனுபவத்தையும் இந்திய அனுபவத்தையும் ஒப்பிட்டு ஆராய்ந்தார். 2004-ல் அது நூலாகவும் வந்தது. அப்போது அவருக்கு வயது 78. என் ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எல்லையோர ஊராகிய நம் ஊத்துக்கோட்டைச் சந்தையில் தமிழிலும் தெலுங்கிலும் பேரம் பேசி, கடன் கணக்கை மனத்திலேயே வைத்திருந்து பைசா பிசகாமல் தீர்ப்பார். எழுதாத அக்கணக்கு எத்தகைய கணக்கு என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. நரசிம்மன் கேட்டிருப்பார்.

2007-ஆம் ஆண்டு செப்டம்பர் 3-ஆம் நாள் அவ்வறிஞர் மறைந்தார். அவ்வாண்டில் நான் மழலை பேசிக் கொண்டிருந்த குழந்தை. கணிப்பொறிகள் மனிதரைப் போலவே வாக்கியம் அமைத்துப் பேசும் காலத்தை அவர் காணவில்லை. அப்பொறிகள் மலைமலையாகக் குவிந்த எழுத்துகளிலிருந்து மொழியைப் பழகுகின்றன. குழந்தையோ தாயின் இடுப்பில் இருந்தபடி, கொஞ்சம் பேச்சைக் கேட்டே மொழியைப் பெற்று விடுகிறது. இவ்வேறுபாடு ஏன் என்னும் கேள்வி இன்னும் முடியவில்லை. அது நம் தலைமுறைக்கு அவர் விட்டுச் சென்ற வேலை.

நமக்கு ஒரு பாடம்

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அடுத்த ஆண்டு படிப்பு முடிந்ததும் கும்மிடிப்பூண்டியில் வேலைக்குச் சேர வேண்டும் என்பது அப்பாவின் எதிர்பார்ப்பு. அது நியாயமானதே. மேலும் ஐந்தாறு ஆண்டு படிப்பேன் என்று அவரிடம் சொல்வது எளிதன்று. ஆராய்ச்சியில் சேர்ந்தவர்க்கு மாத உதவித்தொகை உண்டு என்பது நல்ல செய்தி. ஆனால் அதுவரை எட்டுவதற்குள் வரும் இரண்டு ஆண்டுகளை எப்படிக் கடப்பது என்பதே எம்போன்றோரின் கவலை. இக்கவலைக்கு நரசிம்மனின் வாழ்க்கை நேரான விடை தரவில்லை. அவர் சென்ற பாதை வேறு, நம் நிலை வேறு.

எனினும் மூன்று செய்திகளை அவ்வாழ்க்கையிலிருந்து எடுத்துக் கொள்ளலாம். முதலாவது, படிப்பின் பெயரை விட அடிப்படை பெரிது. கணிதத்தில் வலுவிருந்தால் புதிய துறை எது வந்தாலும் நுழையலாம். இரண்டாவது, கருவி இல்லை என்பது தடையன்று. செய்து பார்த்தவர் எவரும் உடன் இல்லாத நிலையில், அறிக்கைகளைப் படித்தே ஒரு பொறியைக் கட்டினார்கள். மூன்றாவது, கேள்வியைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. அது நம் வீட்டுத் திண்ணையிலேயே இருக்கக்கூடும்.

வழிகளும் உள்ளன. தரமணியில் கணித அறிவியல் நிறுவனம் இருக்கிறது. சிறுசேரியிலுள்ள சென்னைக் கணிதக் கழகம் நுழைவுத் தேர்வு வைத்துக் கணிப்பொறி அறிவியலில் முதுநிலைப் படிப்புக்கு மாணவரைச் சேர்க்கிறது. நரசிம்மன் பணியாற்றிய டாட்டா நிறுவனமும் கணிப்பொறி ஆராய்ச்சிக்குத் தேர்வு நடத்துகிறது. இளநிலை இறுதியாண்டு மாணவர் கேட் தேர்வையும் எழுதலாம். இவற்றின் பழைய வினாத்தாள்களைச் சேகரித்து நம் நூலகத்தில் ஓர் அடுக்கில் வைக்கப் பேராசிரியப் பெருமக்கள் அருள்கூர்ந்து உதவ வேண்டுகிறேன். சனிக்கிழமை மாலைகளில் கூடி அமர்ந்து கணக்குப் போட விரும்பும் நண்பர்கள் என்னோடு சேரலாம். பத்துப் பேர் முயன்று ஒருவர் தேறினாலும், அடுத்து வருவோர்க்கு வழி தெரிந்து விடும்.

டிஃப்ராக் பொறி பழையதாயிற்று, அதைக் கட்டியவரின் கேள்வி பழையதாகவில்லை. அக்கேள்வியை நம் பங்குக்குச் சிறிது தூரம் சுமந்து செல்ல முயல்வோமாக.