அலன் பெட்டர்சன் (1911 - 1980)

மாணவர்களே, 20ஆம் நூற்றாண்டின் சுவீடன் நாட்டு இசையமைப்பாளர்களுள் அலன் பெட்டர்சன் குறிப்பிடத்தக்கவர். இவரது வாழ்க்கையை ஆண்டு வரிசைப்படி படியுங்கள். அப்போது படைப்புகளின் தன்மையும் இலகுவில் விளங்கும்.

இளமையும் கல்வியும்

இவர் 1911.09.19 அன்று சுவீடனின் உப்லாண்ட் பகுதியில் பிறந்தார். தலைநகர் ஸ்டொக்ஹோமில், சோடர்மால்ம் என்னும் இடத்தில் வறுமையில் வளர்ந்தார். தந்தை கொல்லுத் தொழிலாளி, மதுப்பழக்கம் உடையவர். தாய் பக்திப் பாடல்களைப் பாடுபவர். சிறுவன் அலன் நத்தார் வாழ்த்து அட்டைகளை விற்றுச் சேர்த்த பணத்தில் வயலின் ஒன்றை வாங்கினான். பின்னர் ஸ்டொக்ஹோம் இசைக் கல்லூரியில் கற்று, 1939இல் புலமைப்பரிசில் பெற்றுப் பாரிஸ் சென்றார். இரண்டாம் உலகப் போர் மூண்டதால் நாடு திரும்பி, ஸ்டொக்ஹோம் வாத்தியக் குழுவில் வயோலா வாசித்தார்.

படைப்புகள்

1943 - 1945 காலப்பகுதியில் தாமே கவிதை எழுதி 24 'வெறுங்கால் பாடல்களை' அமைத்தார். 1951இல் மீண்டும் பாரிஸ் சென்று ஹொனெகர், லைபோவிட்ஸ் ஆகியோரிடம் கற்றார். லைபோவிட்ஸ் பன்னிரு சுர முறையில் வல்லவர். எனினும் பெட்டர்சன் அம்முறையைத் தமது வழியாகக் கொள்ளவில்லை.

சிம்பொனி பொதுவாக நான்கு பகுதிகளைக் கொண்டது. இவரது சிம்பொனிகள் பலவோ இடைவெளியின்றி ஒரே பகுதியாக நீள்பவை. 7ஆம் சிம்பொனியை 1968இல் அன்டால் டொராட்டி நெறிப்படுத்தி அரங்கேற்றினார். அதுவே இவருக்குப் பெரும்புகழ் தந்தது. அப்போது இவருக்கு வயது 57. 12ஆம் சிம்பொனி, சிலிக் கவிஞர் பப்லோ நெருடாவின் கவிதைகளுக்கு அமைந்தது.

நோயும் இறுதிக்காலமும்

1950களின் தொடக்கத்தில் இவரை மூட்டுவாதம் பீடித்தது. கைவிரல்கள் மடங்கின, வயோலா வாசிப்பது முடியாமற் போயிற்று. ஆயினும் எழுதுவதை நிறுத்தவில்லை. 1970இல் பல மாதங்கள் வைத்தியசாலையில் இருந்தபோதே 10ஆம் சிம்பொனியை எழுதத் தொடங்கினார். 1980.06.20 அன்று காலமானார்.

கவனிக்க

நோய்தான் இவரை இசையமைப்பாளர் ஆக்கியது எனச் சிலர் விடை எழுதுவர். அது தவறு. 'வெறுங்கால் பாடல்கள்' நோய்க்கு முன்னரே தோன்றியவை. நோய் இவரது கையிலிருந்து வாத்தியத்தைப் பறித்தது. இசையைப் பறிக்க அதனால் இயலவில்லை. இந்த வேறுபாட்டை விளங்கி எழுதுங்கள்.