ராமானுஜன் எழுதாமல் விட்டது

டிசம்பர் 22, தேசிய கணித தினம். போஸ்டர்ல 1729-ஐப் போட்டு ராமானுஜனை முடிச்சிடுவோம். ஆனா டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் படிக்கிற நாம பார்க்க வேண்டியது அவரோட நோட்டுகளை.

1887-ல் ஈரோட்டில் பிறந்தார், கும்பகோணத்தில் வளர்ந்தார். அப்பா துணிக்கடையில் கணக்கு எழுதியவர். பள்ளி நாட்களில் கார் என்பவர் தொகுத்த ஒரு கணிதப் புத்தகம் கையில் கிடைத்தது. சுமார் 5000 முடிவுகள். நிரூபணம் ரொம்பச் சுருக்கம். அந்தப் பாணி அவருக்கும் ஒட்டிக்கிச்சு. கணக்கைத் தவிர வேறெதிலும் மனசு போகாததால் கும்பகோணம் அரசுக் கல்லூரி ஸ்காலர்ஷிப் போச்சு. பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் படித்தும் எஃப்.ஏ. தேறவில்லை.

வேலை இல்லை, பேப்பர் வாங்கக் கட்டுப்படியாகலை. அதனால் சிலேட்டு. போட்டதை முழங்கையால் அழிச்சு, அதே இடத்தில் அடுத்த வரி. கடைசியில் வரும் முடிவு மட்டும் நோட்டுக்குப் போகும். இப்படியே 3000-க்கும் மேல் சேர்ந்தது.

ஸ்பார்ஸ் அரேயும் கிட்டத்தட்ட இதே சிக்கனம்தான். 1000 × 1000 மேட்ரிக்ஸில் ஒரு எண்ணுக்கு 8 பைட் என்றால் மொத்தம் 80 லட்சம் பைட். அதில் 5000 இடம் தவிர மற்றதெல்லாம் பூஜ்யம்னா, அந்த 5000-க்கு மட்டும் வரிசை எண், நிரல் எண், மதிப்பு மூணையும் வச்சா போதும். ஒவ்வொன்றுக்கும் 4 + 4 + 8, அதாவது 16 பைட். மொத்தம் 80,000, நூறில் ஒரு பங்கு! விட்ட இடத்துக்கும் பூஜ்யமே வேணும்னு கட்டாயமில்லை. நம்ம மீனாட்சி அம்மன் கோயில் ஆயிரங்கால் மண்டபத்தில் இருப்பது 985 தூண். எல்லா இடத்திலும் தூண் உண்டுன்னு வச்சுக்கிட்டு, இல்லாத 15 இடத்தை மட்டும் குறிச்சா மண்டபம் முழுசா வந்துடும். விட்ட இடத்தின் மதிப்பு முன்பே தெரியும் என்பதால் எதுவும் தொலையாது.

ராமானுஜன் விட்டது அப்படி இல்லை. 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாசம் 30 ரூபாய் சம்பளத்துக்குக் குமாஸ்தா ஆனார். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்குக் கடிதம் போட்டார். பக்கம் பக்கமாக முடிவுகள், நிரூபணம் கிடையாது. பல முடிவுகள் ஹார்டியை அசத்தின. ஆனால் பகா எண்கள் பற்றிச் சொன்னதில் தவறு இருந்தது. ஸீட்டா ஃபங்ஷனுக்குச் சிக்கலெண் பூஜ்யங்களே இல்லாத மாதிரி கணக்கு போயிருந்தது. முடிவை மட்டும் பார்த்தா சரி எது, தப்பு எதுன்னு எப்படிப் பிரிப்பது?

1914-ல் கப்பலேறினார். ஹார்டியோடு சேர்ந்து நிரூபணத்தோடு கட்டுரைகள் எழுதினார். 1918-ல் ராயல் சொசைட்டி ஃபெல்லோ. 1919-ல் நோயோடு திரும்பினார். 1920 ஏப்ரல் 26 அன்று சென்னை சேத்துப்பட்டில் இறந்தபோது வயது 32.

அவர் நோட்டுகளுக்கு நிரூபணம் தேடும் வேலையை அமெரிக்கக் கணித அறிஞர் புரூஸ் பெர்ண்ட் 1970-களில் கையில் எடுத்தார். 1985 முதல் 1998 வரை ஐந்து பெரிய தொகுதிகள் வந்தன. பெரும்பாலான முடிவுகள் சரின்னு நிரூபணமாச்சு. ஆனா ராமானுஜன் எந்த வழியில் போனார் என்பது பல இடங்களில் இன்னும் ஊகம்தான். அந்த வழி சிலேட்டோடு போச்சு.

அடுத்த முறை மெமரி மிச்சம் பிடிக்க எதையாவது விடும்போது, விட்டதைத் திரும்ப எடுக்க முடியுமான்னு முதல்ல பாருங்க. ராமானுஜனுக்குப் பேப்பர் இல்லை. நமக்கு அந்தச் சாக்கு கிடையாது.