ஒலியினூடே ஒளியை விட்ட இராமன்

சந்திரசேகர வேங்கட இராமன் 1888 ஆம் ஆண்டு நவம்பர் 7 ஆந் திகதி திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலிற் பிறந்தார். தந்தையார் கணிதமும் பௌதிகமும் கற்பித்தவர். சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்ற இராமன், 1907 இல் கல்கத்தாவில் நிதித்துறை அதிகாரியானார். பகலெல்லாம் பேரேடு, காலையும் மாலையும் பவுபசார் வீதி ஆய்வுகூடம். அங்கே ஒளியோடு வயலின், வீணை, மிருதங்கம் ஆகியவற்றின் நாதத்தையும் ஆராய்ந்தார்.

1917 இல் உத்தியோகத்தைத் துறந்து குறைந்த ஊதியத்திற் பேராசிரியரானார். 1928 இல் கண்ட இராமன் விளைவையும் 1930 இன் நோபல் பரிசையும் நம் மாணாக்கர் நன்கறிவர். ஆதலின் அவற்றை விரித்திலேன். அப்பரிசின் பேரொளியில் அவரது மற்றொரு பணி மங்கிப்போனது குறையே.

அது 1935, 1936 ஆம் ஆண்டுகளிற் பெங்களூரில் நிகழ்ந்தது. இந்திய விஞ்ஞானக் கழகத்தின் தலைமைப் பொறுப்பில் அவருக்குப் பூசல்கள் மிகுந்திருந்த காலம். 1937 இல் அப்பொறுப்பை விட்டார். ஆய்வை விட்டாரல்லர்.

செவிக்கெட்டாத கழியொலியைத் திரவத்திற் செலுத்திக் குறுக்கே ஒளியை விட்டால், கதிர் பல கிளைகளாகப் பிரிவதை 1932 இல் அமெரிக்காவிலும் பிரான்சிலும் கண்டிருந்தனர். அதற்கு நிறைவான கணித விளக்கம் தந்தோர் இராமனும் இளைஞர் நாகேந்திர நாத்துமாவர். ஒலி செல்கையில் திரவம் நெருங்கியும் தளர்ந்தும் வரிவரியாய் அமையும். நெருங்கிய வரியில் ஒளி பிந்தும். தளர்ந்த வரியில் முந்தும். சமமாகப் புகுந்த ஒளிமுகம், கல்முனைக் கரையின் ஈரமணலில் அலை வரைந்த மடிப்புகளைப் போல் நெளிந்து வெளிவரும். அந்நெளிவே கிளைகளைத் தோற்றுவிக்கிறது. எக்கிளை எவ்வளவு ஒளிரும் என்பதைப் பெசல் என்னும் செர்மானியர் பெயர்பெற்ற சார்புகளால் இருவரும் கணித்துக் காட்டினர்.

ஒலியின் மீடிறன் கூடக் கிளை விலகும் கோணமும் கூடும். பின்வந்தோர் பற்றிக்கொண்டது இதனையே. 1960 இல் லேசர் தோன்றிய பின்னர், பல மீடிறன்கள் கலந்த மின்குறியை ஒலியாக்கிப் பளிங்கினுட் செலுத்தி, லேசர் ஒளியைக் குறுக்கே பாய்ச்சினர். அப்பால் வைத்த வில்லை ஒவ்வொரு மீடிறனையும் தனித்தனிப் புள்ளியாக விழச் செய்தது. புள்ளியின் இடம் மீடிறனைக் காட்டும். ஒளிர்வு அதன் வலிமையைக் காட்டும். பூரியே வகுத்த நெறியில், தாளிற் செய்யின் பக்கம் பக்கமாய் நீளும் பெருக்கலையும் கூட்டலையும், ஒளி வில்லையைக் கடக்குமளவில் முடித்துவிடுகிறது. இலக்கக் கணினியின் நுண்மை இதற்கில்லை என்பது மெய். எனினும் விரைவு வேண்டிய இடத்தில் இது பெரிதும் உதவிற்று.

இராமன் 1970 நவம்பர் 21 இல் பெங்களூரில் மறைந்தார். 1998 இல் ஏவப்பட்ட சுவாஸ் என்னும் அமெரிக்கச் செயற்கைக்கோள், விண்மீன்களிடையே நீரின் சுவட்டைத் தேடியபோது, வந்த அலைகளை இவ்வாறு ஒலியையும் ஒளியையும் கொண்டே பகுத்தறிந்தது.