காட்டையும் வீட்டையும் நேசித்த மா. கிருஷ்ணன்

இயற்கையை நேசிப்பவர் என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றுபவர் யார்? தோளில் பையை மாட்டிக்கொண்டு காடு காடாகச் சுற்றும் தனிமனிதர்தான். மனைவி, பிள்ளை, வீட்டு வாடகை என்று வாழ்பவருக்குக் காடும் பறவையும் எதற்கு என்று கேட்போர் நம்மிடையே உண்டு. உயிரியல் பயிலும் இறுதியாண்டு மாணவனான என்னிடமும் கிள்ளானில் உள்ள உறவினர்கள் இக்கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்குப் பதிலாகச் சொல்ல எனக்கு ஒருவரின் வாழ்க்கை கிடைத்தது. அவர்தான் தமிழகத்தின் இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன்.

தமிழுக்காகப் பேசிய தந்தை

கிருஷ்ணன் 1912ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் திருநெல்வேலியில் பிறந்தார். எட்டுப் பிள்ளைகளில் இவரே கடைக்குட்டி. தந்தை அ. மாதவையா, ‘பத்மாவதி சரித்திரம்’ என்ற நாவலை எழுதியவர். 1925ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் சென்னைப் பல்கலைக்கழக ஆட்சிப் பேரவையில், பட்டப்படிப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று மாதவையா உரையாற்றினார். பேசி முடித்து அமர்ந்தவர் அக்கூட்டத்திலேயே உயிர்நீத்தார். அப்போது கிருஷ்ணனுக்கு வயது 13. பல்கலைக்கழகத்தில் தமிழை வாழவைக்க உழைக்கும் நம்மைப் போன்ற மாணவர்கள் மறக்கக் கூடாத மரணம் அது.

அக்காலத்து மயிலாப்பூரில் புதர்களும் குளங்களும் இருந்தன. பாம்பும் நரியும் கூட இருந்தன. அங்கு வளர்ந்த சிறுவன் கிருஷ்ணன் ஒரு கீரிப்பிள்ளையை வளர்த்தான். பின்னர் மாநிலக் கல்லூரியில் படித்தபோது, தாவரவியல் பேராசிரியர் பைசனுடன் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் சென்று செடிகொடிகளை அறிந்துகொண்டார். சட்டமும் படித்தார். ஆனால், வழக்கறிஞர் தொழிலில் மனம் ஒட்டவில்லை.

குடும்பமும் பிழைப்பும்

1937இல் இந்துமதி என்ற பெண்மணியை மணந்தார். அன்று அவருக்கு நிலையான வருமானம் இல்லை. ஆனந்த விகடன், கல்கி போன்ற இதழ்களுக்குக் கட்டுரையும் படமும் கொடுத்துச் சம்பாதித்தார். அச்சகத்திலும் வானொலியிலும் வேலை பார்த்தார். 1942இல் பெல்லாரிக்கு அருகே உள்ள சண்டூர் சமஸ்தானத்தில் வேலை கிடைத்தது. அங்கே ஆசிரியர், நீதிபதி, விளம்பர அதிகாரி, மன்னரின் அரசியல் செயலாளர் எனப் பல பொறுப்புகளை வகித்தார். ஓய்வு நேரங்களில் மலையும் காடும் சுற்றினார். ஆடு மேய்த்தும் பார்த்தார். கடிதம் கொண்டு செல்லப் புறாக்களை வளர்த்தார்.

1949இல் சண்டூர் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. முப்பத்தேழு வயதில், மனைவியும் மகனும் உள்ள ஒருவர் என்ன செய்வார்? பாதுகாப்பான வேறொரு வேலையைத் தேடுவார். கிருஷ்ணனோ சென்னைக்குத் திரும்பி, எழுத்தையும் நிழற்படத்தையுமே பிழைப்பாகக் கொண்டார். குடும்பத்தின் பழைய வளாகத்தில் ஓர் எளிய வீட்டில் வாழ்ந்தார். ஆண்டுதோறும் யானைக் காடுகளுக்குப் புறப்பட்டுப் போகும் கணவருக்கு இந்துமதி அம்மையார் துணை நின்றார். அந்த அம்மையாரின் பொறுமை இல்லாவிடில் நாம் இன்று கிருஷ்ணனைப் பற்றிப் பேசியிருக்கவே மாட்டோம் என்பது என் கருத்து.

1950 முதல் கல்கத்தாவின் ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் இயற்கை பற்றிய பத்தி ஒன்றை எழுதத் தொடங்கினார். 1996 பிப்ரவரி 18ஆம் நாள் இறக்கும் வரை, 46 ஆண்டுகள் அதை எழுதினார். கறுப்பு வெள்ளையில் மட்டுமே படமெடுத்தார். அதற்கான கனத்த கேமராவையும் பல பாகங்களை இணைத்துத் தாமே உருவாக்கிக்கொண்டார். 1968இல் நேரு ஆய்வு நல்கை பெற்று, தென்னிந்தியப் பாலூட்டிகளைப் பற்றி ஆராய்ந்தார். பத்மஸ்ரீ விருதும் அவரைத் தேடி வந்தது.

இத்தனைக்கும் நடுவே என்னை மிகவும் நெகிழவைத்தது ஒரு சிறு புத்தகம். ஆங்கில எழுத்துகளின் வரிசையில், எழுத்துக்கு ஒரு விலங்கென்று பாட்டெழுதி, படமும் வரைந்து, அதைத் தம் பேத்திக்காகச் செய்து கொடுத்தார். அவர் மறைந்த பல ஆண்டுகளுக்குப் பிறகே அது நூலாக வெளிவந்தது. காட்டில் கண்டதை வீட்டுக்குக் கொண்டுவந்து பகிர்ந்த தாத்தா அவர்! காடு அவரைக் குடும்பத்திலிருந்து பிரிக்கவில்லை.

தமிழில் எழுதியவர்

ஆங்கிலத்தில் புகழ் பெற்றாலும் அவர் தமிழை விடவில்லை. தமிழ்க் கலைக்களஞ்சியத்திற்கு உயிரினங்கள் பற்றி எழுதினார். ‘கதிரேசச் செட்டியாரின் காதல்’ என்ற துப்பறியும் நாவலையும் எழுதினார். அவருடைய தமிழ்க் கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்ற பெயரில் தொகுத்தார்.

இதைப் படித்தபோதுதான் என் நிலையை எண்ணிப் பார்த்தேன். தமிழ்ப்பள்ளியில் மீன்கொத்தி என்று படித்தேன். இடைநிலைப்பள்ளியில் அது ‘பெக்காக்கா’ ஆனது. பல்கலைக்கழகத்தில் இலத்தீன் பெயரைப் பெற்றது. மூன்றும் எனக்கு வேண்டும். ஆனால், முதல் பெயரை நான் யாரிடம் சொல்கிறேன்? என் தம்பிக்கு அது தெரியுமா?

கிருஷ்ணன் யானையை மட்டும் பார்த்தவர் அல்லர். வீட்டைச் சுற்றித் திரியும் எளிய உயிர்களையும் கூர்ந்து பார்த்தவர். அந்தக் கண் நமக்கும் வேண்டும். கிள்ளானில் நாம் திட்டித் தீர்க்கும் காகங்களையே எடுத்துக்கொள்வோம். காப்பித் தோட்டங்களில் புழுக்களை ஒழிப்பதற்காக, ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்டவை அவை. நம் முன்னோரைப் போலவே அவையும் தோட்ட வேலைக்காகக் கடல் கடந்து வந்தவை! காப்பி போய் ரப்பர் வந்தது. ரப்பரும் போய் வீடமைப்புப் பகுதிகள் வந்துவிட்டன. காகங்கள் மட்டும் இன்னும் இருக்கின்றன. பிரிக்பீல்ட்ஸ் மரங்களில் கூவும் குயில், முட்டையிடுவது அந்தக் காகத்தின் கூட்டில்தான்.

தோழர்களே, காட்டுக்குப் போக வசதியில்லை என்று வருந்த வேண்டாம். அடுக்குமாடி வீட்டின் ஐந்தடிக்குப் பின்னால் இருக்கும் ஒரு மரம் போதும். வார இறுதியில் வீட்டிலுள்ள சிறுவர்களை அழைத்துச் சென்று, அங்கு வரும் பறவைகளைக் காட்டுங்கள்; அவற்றின் பெயர்களைத் தமிழில் சொல்லுங்கள். தந்தை பல்கலைக்கழகத்தில் கேட்ட இடத்தை, மகன் காட்டிலும் வீட்டிலும் தமிழுக்குக் கொடுத்தார். அந்தப் பணியில் நமக்கும் பங்குண்டு.