தமிழ்த் தாத்தாவின் சொந்தக் கதை

மலருக்குக் கட்டுரை கேட்டதும், ஒக்கூர்க்காரனான எனக்கு நினைவுக்கு வந்தவர் உ.வே.சாமிநாதையர். காரணம் உண்டு. எங்க ஊர்ப் பெயரைத் தாங்கிய சங்கப் புலவர் ஒக்கூர் மாசாத்தியாரின் புறநானூற்றுப் பாட்டு, 1894-ல் ஐயர் போட்ட பதிப்பால்தான் அச்சுக்கு வந்தது.

1855-ல் பிறந்தவர். தந்தை வேங்கடசுப்பையர் சங்கீதக்காரர், வருமானம் சொற்பம். மகனுக்குத் தமிழ் சொல்லித்தர ஆள் தேடி ஊர் ஊராகக் குடி மாறினார். கடைசியில் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை கிடைத்தார். 1880-ல் கும்பகோணம் கல்லூரியில் வேலை. அங்கே முன்சீப்பாக வந்த சேலம் இராமசாமி முதலியார், சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியில் வாழ்க்கையே திசை மாறியது. 1887-ல் சிந்தாமணி அச்சேறியது.

1940-ல், 85 வயதாகும் தறுவாயில், ஆனந்த விகடனில் 'என் சரித்திரம்' எழுதத் தொடங்கினார். பெரிய மனுஷர் சரித்திரம்னு நினைச்சுப் படிக்கப் போனா, உள்ளே இருப்பது திண்ணைப் பள்ளிக்கூடம், கடன், உறவுக்காரர்கள், பாடம் கேட்கக் காத்துக்கிடந்த நாள்கள். நம்ம வீட்டுக் கதை மாதிரியே இருக்கும்.

1942-ல் அவர் மறைந்தார். தொடர் 122 அத்தியாயங்களோடு நின்றது. 1890-களுக்குப் பிந்திய நாற்பது ஆண்டுக் கதையை அவர் சொல்லி நாம் கேட்க முடியாமலே போயிற்று.

தோழர்களே, மெஷின் எப்போ நின்னுதுன்னு லாக் புக்கில் நிமிஷக் கணக்கா எழுதுகிறவர்கள் நாம். விடுதிச் சாப்பாடு, அரியர்ஸ், பீஸ் கட்ட அப்பா அலைந்த அலைச்சல், இதையும் எழுதி வையுங்கள். ரிட்டயர் ஆனப்புறம் பார்த்துக்கலாம்னு மட்டும் தள்ளிப் போடாதீங்க.