வானில் சுருங்கிய தொலைவு

மும்பைக்கும் லண்டனுக்கும் இடைப்பட்ட வான்வழித் தொலைவு ஏறத்தாழ 7,200 கிலோமீட்டர். இன்று இடைநிற்காமல் செல்லும் வானூர்தி அத்தொலைவைப் பத்து மணி நேர அளவில் கடந்துவிடுகிறது. நூறு ஆண்டுகளுக்கு முன் கப்பலில் செல்வதற்கு இரண்டு வாரங்களுக்கும் மேலாயிற்று. ஊர்கள் இடம் மாறவில்லை. பயண நேரமே குறைந்தது. இந்தியாவில் அதற்கு வழிவகுத்த முன்னோடி ஜே.ஆர்.டி. டாட்டா ஆவார்.

அவர் 1904-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் பிறந்தார். தந்தை இந்தியர், தாய் பிரெஞ்சுப் பெண்மணி. ஆங்கிலக் கால்வாயை வானூர்தியில் முதன்முதலாகக் கடந்த பிளேரியோவின் வீடு, அவர்கள் கோடையில் தங்கிய கடற்கரை ஊரில் இருந்தது. அங்கே கண்ட வானூர்திகள் சிறுவனின் உள்ளத்தைக் கவர்ந்தன. 1929-ஆம் ஆண்டு இந்தியாவில் வழங்கப்பெற்ற முதல் விமானி உரிமத்தை அவரே பெற்றார்.

அதே ஆண்டு, இந்தியாவிற்கும் இங்கிலாந்துக்கும் இடையே தனியாகப் பறந்து முடிக்கும் முதல் இந்தியருக்குப் பரிசு வழங்குவதாக ஆகாகான் அறிவித்தார். மறு ஆண்டு டாட்டா கராச்சியிலிருந்து லண்டனை நோக்கிப் புறப்பட்டார். ஆஸ்பி எஞ்சினியர் என்னும் இளைஞர் இங்கிலாந்திலிருந்து எதிர்த்திசையில் பறந்து வந்தார். எகிப்தின் அபூகிரில் டாட்டா இறங்கியபோது, ஆஸ்பி மாற்று ஸ்பார்க் பிளக் இன்றி மேற்கொண்டு பறக்க இயலாமல் அங்கே காத்திருந்தார். பேசாமல் சென்றிருந்தால் டாட்டாவிற்கு வெற்றி உறுதி. ஆயினும் தம்மிடமிருந்த உதிரி பிளக்குகளை அவருக்குக் கொடுத்துவிட்டே அவர் புறப்பட்டார். சில மணி நேர வேறுபாட்டில் ஆஸ்பி வென்றார். அவரே பிற்காலத்தில் இந்திய வான்படையின் தலைவராக உயர்ந்தார்.

லண்டனிலிருந்து வந்த வான் அஞ்சல் அக்காலத்தில் கராச்சியோடு நின்றது. அதனைத் தெற்கே கொண்டுசெல்ல டாட்டா ஓர் அஞ்சல் விமானப் பணியைத் தொடங்கினார். 1932 அக்டோபர் 15 அன்று காலை, அஞ்சல் பைகளுடன் கராச்சியிலிருந்து தனியாகப் புறப்பட்டார். அது ஒற்றை இயந்திரம் பூட்டிய சிறிய வானூர்தி. வழிகாட்ட வானொலிக் கருவி இல்லை. அகமதாபாத்தில் எரிபொருள் நிரப்பிக்கொண்டு, பிற்பகலில் பம்பாயின் ஜுஹூ திடலில் இறங்கினார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் என்னும் விமானி அஞ்சலைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுசேர்த்தார்.

அச்சிறு பணி வளர்ந்து 1946-இல் ஏர் இந்தியா எனப் பெயர் பெற்றது. 1948 ஜூன் 8 அன்று அந்நிறுவனத்தின் பன்னாட்டு வானூர்தி பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக லண்டனுக்குப் பறந்தது.

1982-இல், பொன்விழா நாளன்று, 78 வயதில், அதே கராச்சி–பம்பாய் வழியில் அவர் ஒரு பழைய சிறு வானூர்தியை மீண்டும் ஓட்டிவந்தார். 1992-இல் பாரத ரத்னா விருது பெற்றார். அடுத்த ஆண்டு மறைந்தார். நேரத்தோடு போட்டியிட்டு வாழ்ந்த அவர், அபூகிரில் மட்டும் பிறர்க்காகத் தம் வெற்றியையே விட்டுக்கொடுத்தார்.

பொருள் அறிக
முன்னோடி – முதலில் வழிகாட்டியவர்
உதிரி – மாற்றாக வைத்திருக்கும் பாகம்
பொன்விழா – ஐம்பதாம் ஆண்டு விழா

விடையளிக்க
1. டாட்டா பரிசை இழந்தது எவ்வாறு? அவர் செய்தது சரியா? உம் கருத்தை எழுதுக.
2. நீவிர் வாழும் நகருக்கும் உம் பெற்றோரின் சொந்த ஊருக்கும் உள்ள தொலைவு எவ்வளவு? தொடர்வண்டியிலும் வானூர்தியிலும் செல்ல ஆகும் நேரத்தைக் கேட்டறிந்து எழுதுக.